கல்யாணம் வரைக்கும் டாக்டர் க்ரீம்

இல்லம்மா, நீ முதல்ல உட்காரு. இப்பத்தான அண்ணியை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. முகத்தோட மேல் தோலை உரிக்கிறதுன்னா என்ன, வெங்காயம் உரிக்கிற மாதிரின்னு நினைச்சியா? கழுவணும், துடைக்கணும், மருந்தைத் தடவிட்டு எரியுதா எரியுதான்னு கேட்டுக்கிட்டு நிக்கணும். நேரம் ஆகத்தான் செய்யும். அந்த ரிசப்ஷன் பொண்ணைப் போய்ப் போய்க் கேக்காத. உன்னைப் பாத்தாலே அது கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒளியுது. உட்காரு. அந்த ரெண்டு டியூபையும் இப்படிக் குடு.

ஆமா, கேட்டல்ல, சொல்றேன். வரப் போற அண்ணிக்கு டாக்டரம்மா விக்கிற சன்ஸ்க்ரீன் வாங்கலாமா, மெடிக்கல் ஷாப் சன்ஸ்க்ரீனே போதுமா. பார்மசி படிக்க வச்சிருக்க, இதுக்காவது நான் உபயோகப்பட்டுட்டுப் போறேன்.

இது கிளினிக்ல விக்கிறது. இது கீழ கடையில நீ வாங்கினது. பின்பக்கம் திருப்பிப் பாரு. கண்ணாடி கொண்டு வரலியா? சரி, நானே படிக்கிறேன். ரெண்டுலயும் எஸ்பிஎஃப் அம்பது. வெயிலைத் தடுக்குற சரக்கு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். கிளினிக் க்ரீம் தடவினா பிசுபிசுப்பு இருக்காது. கடை க்ரீம் கொஞ்சம் ஒட்டும், கொஞ்ச நேரம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்கும். அவ்வளவுதான். மேல மெடிக்கல் கிரேடுன்னு போட்டிருக்கான் பாரு, அதைப் பாத்துத்தான நீ மயங்கின? அது யாரும் பரீட்சை வச்சுக் குடுக்குற பட்டம் இல்லம்மா. நம்ம பெரியப்பா வீட்டு கேட்ல சமூக சேவகர்னு போர்டு தொங்குதே, அந்த மாதிரி. அவரே எழுதினது, அவரே மாட்டினது.

சிரிக்காத. சிரிச்சா உன் பவுடர் கோடு கோடா வெடிக்குது.

இரு, நான் இன்னும் முடிக்கல. டாக்டர் க்ரீம் மோசம்னு நான் சொல்லவே இல்ல. அப்புறம் அப்பாகிட்ட போய், இவ எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுறான்னு ஆரம்பிக்காத. ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் பேசுறேன். முகத்தை உரிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்குத் தோலு பச்சைப் புண்ணு மாதிரி இருக்கும். வாசனை போட்டது, கண்டது கடியது எல்லாம் பட்டா எரியும். அப்ப டாக்டர் சொல்றதைப் போடுறது சரி, ஒத்துக்கிறேன். ஆனா நல்லா இருக்கிற முகத்தை எதுக்கு உரிக்கணும்ங்கறது வேற கேள்வி. அதை நீ கேக்கல. நீ கேக்காத கேள்விக்கு நான் பதில் சொன்னா உனக்குப் பிடிக்காது.

விஷயம் டியூப்ல இல்லம்மா, தடவுற அளவுலதான் இருக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கணும். நீ எடுக்குறது மிளகு அளவு. அதையும் மூக்கு மேல ஒரு பொட்டு, கன்னத்துல ரெண்டு பொட்டுன்னு வச்சுட்டு, விரல்ல மிச்சம் இருக்கறதைத் திரும்ப மூடியிலேயே வழிச்சு வைக்கிற. அதான் உன் முகம் ஒரு ஆளு மாதிரியும் கழுத்து வேற ஆளு மாதிரியும் இருக்கு. ரெண்டு பாஸ்போர்ட் எடுக்கணும் உனக்கு.

கோச்சுக்கோ, பரவால்ல. நீ எனக்குச் சொன்னதுல இது எந்த மூலைக்கு.

பாயிண்ட்டுக்கு வரேன். விலை ஜாஸ்தியா இருக்கற க்ரீமை வாங்கினா மனசு வராது, தொட்டுத் தொட்டு வைப்ப. மலிவா இருந்தா அள்ளிப் பூசுவ. அள்ளிப் பூசின மட்டமான க்ரீம், தொட்டு வச்ச ஒசத்தியான க்ரீமைவிட நல்லாவே காப்பாத்தும். இதை எங்க மேடமே கிளாஸ்ல சொன்னாங்க. அதனால வெளிய வெயில்ல அலையற ஆளுக்கு மெடிக்கல் ஷாப் க்ரீம்தான் சரி. வேர்க்க வேர்க்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தாராளமாப் போட்டுக்கலாம். வீட்டுல ஜன்னலைச் சாத்தி உட்கார வைக்கப் போற ஆளுக்கு எதைப் போட்டா என்ன?

இன்னொண்ணு, இதை நல்லாக் கேட்டுக்கோ. ரெண்டுமே யாரையும் வெள்ளையாக்காது. அதோட வேலையே அது இல்ல. வெயில்ல தோலு கெட்டுப் போகாம பாத்துக்கும், அவ்வளவுதான். ஹெல்மெட் போட்டா மண்டை உடையாது. மூளை வளருமா?

எத்தனை டியூப்னா? அதையா இவ்வளவு நேரம் யோசிச்சிட்டிருந்த? நீதான் காலையில கார்லயே கணக்கு முடிச்சிட்டியே. கல்யாணம் வரைக்கும் டாக்டர் க்ரீம், அதுக்கப்புறம் மெடிக்கல் க்ரீம் போதும், அதுக்கப்புறம் யார் பாக்கப் போறான்னு.

சொன்ன. சும்மாதான் சொன்ன, தமாஷுக்குத்தான் சொன்ன, சரி. ஆனா அண்ணி பின் சீட்டுல என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. நீ முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு, சோபாவுக்கு உறை தைக்கிறதைப் பத்திப் பேசுற மாதிரி பேசின. அண்ணன் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். கண்ணாடியில அவங்களை ஒரு தரம் பாத்தான். நான் உன் தங்கத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், இப்பவாவது வாயைத் திறக்குறானான்னு. திறக்கல. ஏசியைக் கூட்டி வச்சான்.

அவங்க கேட்டிருக்க மாட்டாங்கன்னு நீயே சொல்லிக்காத. உன் மெதுவான குரல் நாலு வீட்டுக்குக் கேக்கும்.

என்ன, அவங்க முகம் கொடுத்துப் பேசாம இருந்தாங்களா? மாமியார் வீட்டுக்கு வரப் போற பொண்ணு சிரிச்ச மூஞ்சியா இருக்கணுமா? ஏம்மா, இன்னிக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். அந்த சர்வே ஆபீஸ்ல வேலைக்குச் சேர இன்னிக்குத்தான் கடைசி நாள். இன்னிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடலன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். அதுக்குத்தான நீ இன்னிக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கின? டாக்டரம்மா அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னாங்க. இல்ல, இன்னிக்குத்தான் வேணும்னு போன்ல நின்ன. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.

தப்புன்னு நான் எங்க சொன்னேன்? கெட்டிக்காரத்தனம்னு சொல்றேன். வேலைக்குப் போகாதன்னு சொன்னா வம்பு. முகத்தை உரிச்சு விட்டுட்டா வம்பே இல்ல. வெயில்ல தலை காட்டக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிருவாங்க. நீ நல்லவளாவே இருந்துக்கலாம்.

ரோடு போடுற இடத்துல மூணு கால் ஸ்டாண்டு வச்சு அளந்துக்கிட்டு நிக்கிறதெல்லாம் நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு எதுக்குன்னு கேட்ட. படிச்சது அதாச்சேம்மா. பரீட்சை எழுதி, இன்டர்வியூ போயி, வாங்கின வேலை. அதுக்குப் பதிலா நீ என்ன குடுத்த? அண்ணன் ஆபீஸ்லயே ஏதாவது பாத்துக்கலாம், உள்ள உட்கார்ந்து பேப்பர் அடுக்குற வேலைன்னு. அவங்க அப்பா வேற, உங்க வீட்டுப் பொண்ணு, உங்க இஷ்டம்னுட்டாரு. நம்ம குடும்பத்துலயே வெயில்ல நிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்க. நிஜமா சன்ஸ்க்ரீன் தேவைப்படுற ஒரே ஆளும் அவங்கதான். அவங்களுக்கு க்ரீம் உண்டு, வெயில் கிடையாது.

எல்லாம் அந்த போட்டோவால வந்தது. கல்யாணப் பத்திரிகையில போட எடுத்தோமே, அது. போட்டோக்காரர் நல்லாத்தான் எடுத்தாரு. நான் பாத்தேன், அதுல அண்ணி கொள்ளை அழகு. மாநிறத்துக்கும் கொஞ்சம் மேல கறுப்பு, அந்தப் பச்சைச் சேலை, சிரிப்பு. நீதான் அவர் கம்ப்யூட்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, இன்னும் கொஞ்சம் வெள்ளையா, இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டே இருந்த. அந்த ஆளு அம்மா போதும்மா, மூக்கு காணாமப் போகுதுன்னு சொன்னாரு. நீ விடல. கடைசியில பாத்தா அண்ணன் அவங்களைவிடக் கறுப்பாத் தெரியறான். உனக்கு நெஞ்சு வலி வராத குறை. உடனே அவனையும் வெளுக்க வச்ச. ரெண்டும் சேந்து ட்யூப்லைட்டு மாதிரி நிக்குது, கீழ கல்யாணத் தேதி.

பத்திரிகை எல்லாருக்கும் போயாச்சு. போனதுக்கு அப்புறம்தான் உனக்கு உறைச்சது, மண்டபத்துக்கு வர்றவங்க போட்டோவைப் பாத்துட்டு ஆளைப் பாப்பாங்கன்னு. யாரா இருந்தாலும் போட்டோவை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்துவாங்கம்மா. நீ ஆளைப் போட்டோவுக்குத் தகுந்த மாதிரி மாத்தக் கூட்டிட்டு வந்திருக்க.

அவங்க அண்ணன்கிட்ட கேட்டாங்களாம், நிஜ போட்டோவையே போடலாமேன்னு. உன் தங்கம் என்ன சொன்னான் தெரியுமா? நல்லாத்தான இருக்கு, இதுல உனக்கென்ன கஷ்டம்னு கேட்டானாம். இதுல யாரு மேல கோவப்படுறது சொல்லு. நீயாவது கறுப்பைப் பாத்துட்டுத்தான் வெறுக்குற. அவன் பாக்கவே இல்ல.

போன் அடிக்குது. யாரு, அண்ணனா? கட் பண்ணு. இங்க பேசக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க பாரு. முடிஞ்சதும் நாமளே கூப்பிடலாம், வண்டி எடுத்துட்டு வரட்டும். கட் பண்ணும்மா. அதைச் சைலன்ட்ல போட்டு பைக்குள்ள வை.

எனக்கா? எனக்கென்ன பொறாமை? யாரைப் பாத்து?

இல்ல, இதைப் பேசலாம், நேரம் இருக்கு. எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா. யாராவது வீட்டுக்கு வந்தா அண்ணனை என் பையன்னு சொல்லுவ. அத்தோட நிறுத்திருவ. என்னைக் காட்டும்போது மட்டும், இவ நல்லாப் படிப்பான்னு சொல்லுவ. கேக்காமயே சொல்லுவ. ஸ்கூல்ல சேந்த புதுசுல எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, கடையில துணியில ஓட்டை இருந்தா கலர் போகாதும்மான்னு சொல்லுவாங்களே, அது.

நீச்சல் கிளாஸை நிறுத்தினது ஞாபகம் இருக்கா? சளி பிடிக்குதுன்னு மாஸ்டர்கிட்ட சொன்ன. எனக்குச் சளியே பிடிக்கல. அவரு பாவம், போட்டிக்கு என் பேரைக் குடுத்து வச்சிருந்தாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை கேட்டாரு. நீ மூணாவது தடவை கதவையே திறக்கல. அந்த வருஷம் என் பொறந்த நாளைக்குச் சிவப்பழகு க்ரீம் வாங்கிக் குடுத்த, பேப்பர் எல்லாம் சுத்தி. நான் பொம்மைன்னு நினைச்சுப் பிரிச்சேன். அப்ப எனக்குப் பொம்மை விளையாடுற வயசும்மா.

குடும்ப போட்டோ எடுக்கும்போதெல்லாம் நீ ஓரமா நில்லு, உனக்குத்தான் ஒசரம் ஜாஸ்தின்னு சொல்லுவ. நான் அண்ணனைவிட ஒரு சாண் குட்டை.

ஏன் இப்ப அழற? நான் ஒண்ணும் அழவைக்கணும்னு சொல்லல. துடைச்சுக்கோ. அங்க இல்ல, கழுத்துல வழியுது, கோடு தெரியுது.

நல்லதுக்குத்தான் செஞ்ச, தெரியும். எல்லாம் என் நல்லதுக்குத்தான். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு. அந்த நாலு பேரை நான் தேடிப் பாத்துட்டேன்மா, ஒருத்தரையும் காணோம். எங்க காலேஜ்ல என்னை யாரும் ஒண்ணும் சொல்லல. பஸ்ல சொல்லல, ரோட்ல சொல்லல. சொன்னது எல்லாம் சமையல் ரூம்ல, சாப்பாடு போட்டுக்கிட்டே.

மறுபடியும் எழுந்திரிக்கிறியா? டாக்டரம்மாவைப் பாத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கச் சொல்லணுமா? அப்படியெல்லாம் செய்ய முடியாதும்மா, அது என்ன பாத்திரமா?

இரு. ஒரு நிமிஷம். எனக்கு மெசேஜ் வந்திருக்கு.

ம். சரி.

இப்ப நீ போய்க் கேக்கலாம். தாராளமாப் போ. ரிசப்ஷன்ல கேளு, டாக்டரம்மாவையே கேளு. ஆனா அவங்களுக்கும் தெரியாது, பாவம். பணம் கட்டின பொண்ணு பாத்ரூம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு, வரலன்னு சொல்லுவாங்க.

அண்ணி உள்ள இல்லம்மா. நாம வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கு, படி இறங்கினா நேரா பின் தெரு. முகம் உரிச்சவங்க செக்கச் செவேல்னு வெளிய வர்றதை இங்க உட்கார்ந்திருக்கறவங்க பாத்தா பயந்து எழுந்து போயிருவாங்கல்ல, அதுக்காக வச்ச கதவு. எல்லாரும் அந்த வழியாத்தான் போவாங்களாம். இவங்க ஒருத்தங்கதான் உரிச்சுக்காம போனது.

சர்வே ஆபீஸுக்குத்தான். வேற எங்க? கையெழுத்துப் போட்டாச்சாம். அதான் மெசேஜ்.

முதல்லயே ஏன் சொல்லலன்னு கேக்குறியா? சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? அவங்க அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருப்ப. அவரு வண்டியை எடுத்துக்கிட்டு அந்த ஆபீஸ் வாசல்லயே போய் நின்னிருப்பாரு. நீ டியூபைப் பத்திக் கேட்ட, நான் டியூபைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். சொன்னது அத்தனையும் நிஜம். யாரை வேணா கேட்டுப் பாத்துக்கோ.

கல்யாணமா? மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டாங்க. உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல வச்சுக் குடுத்தாங்க. எங்க வைக்கிறதுன்னு தெரியல, நானே போட்டுக்கிட்டேன். இந்தா, இவ்வளவு நேரமா என் விரல்லதான் இருக்கு. நீ என் கையைப் பாக்கல.

நான் ஒண்ணும் தூண்டி விடல. அவங்களுக்கு அண்ணனைப் பிடிக்கும்மா. நீ அதை நினைச்சுக்கூடப் பாத்திருக்க மாட்ட. ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் போறதா இருக்கறதான்னு தெரியாம குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளிய கேக்காம அழுதாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாயிடும்ல, உங்க அம்மா என்ன, பழகினா மாறிடுவாங்கல்லன்னு என்னைக் கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா இந்நேரம் உள்ள படுத்திருப்பாங்க, மருந்து பூசிக்கிட்டு, எரியலன்னு சொல்லிக்கிட்டு. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். நான் அவங்களுக்குப் பொறந்த பொண்ணு, என்னை நல்லாப் பாருங்கன்னு.

பாத்தாங்க. கண்ணாடியில இல்ல, நேரா. அப்புறம் குழாயை மூடிட்டு மோதிரத்தைக் கழட்டினாங்க.

அண்ணன்கிட்ட நான் சொல்லல. அது உன் வேலை. இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ வந்து ஹாரன் அடிப்பான். அவன் எதுக்கும் கோவப்பட மாட்டான், நீ பயப்படாத. ஒண்ணும் பேசாம வண்டி ஓட்டுவான். இன்னிக்குத்தான் உனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்.

எங்கம்மா போற? அந்தக் கதவைத் தட்டாத. உள்ள இப்ப வேற ஒரு பொண்ணு படுத்திருக்கா.